முந்நூற்றுப் பதினேழாவது குழி

ராஜாமணியின் உள்ளங்கையில் படுத்துக் கிடந்த தேங்காய் மெல்ல எழுந்து, குடுமியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அய்யனார் மட்டும் தட்டவில்லை. நீரோட்டம் பார்ப்பதில் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் ராஜாமணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வராமல் போனால் அது தண்ணீரின் தப்பு என்று பேசிக்கொள்வார்கள். அவர் கண்ணைத் திறந்து, காலால் மண்ணைக் கிளறி, ஒரு வேப்பங்குச்சியை நட்டார்.

"எழுதி வெச்சிக்கங்க வைத்திலிங்கம். மொத ஊத்து அறுவது அடியிலயே தட்டும்."

அறுபது அடி. அய்யனார் அந்தக் குச்சியையே பார்த்தான். அவன் அக்காள் கொளஞ்சியம்மாளின் கணவர் வைத்திலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். புயலுக்குப் பிறகு மாமா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எதையும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இரண்டு ஏக்கரும் முந்திரியாக இருந்த கொல்லை அது. அறுபத்தெட்டு மரங்கள். போன டிசம்பர் முப்பதாம் தேதி 'தானே' புயல் கரையேறிப் போன பிறகு, விடிந்து பார்த்தால் ஒரு மரம்கூட நிற்கவில்லை. வேரோடு மல்லாந்து கிடந்தன. கடலூரிலிருந்து பண்ருட்டி வரைக்கும் எல்லோர் கொல்லையிலும் இதே கதிதான் என்பதால் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு ஜேசிபி வந்தது, அடிக்கட்டைகளைப் பிடுங்கியது, பள்ளங்களை மூடியது. இப்போது கொல்லை மொட்டையாகச் செம்மண் நிறத்தில் கிடந்தது. வடக்கு வரப்பின் நடுவில் இருந்த ஒற்றைப் பனை மட்டும் எதுவும் நடக்காததுபோல நின்றுகொண்டிருந்தது. முந்திரிக்கன்று வைத்துக் காய் பார்க்க வருடக்கணக்கில் ஆகும். அதுவரை காற்றையா குடிக்க முடியும் என்று கேட்டு, போர் போட்டுக் கரும்பு வைப்பதென்று வைத்திலிங்கம் முடிவு செய்துவிட்டார். திருச்செங்கோட்டு போர் வண்டி மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடு. நல்ல காரியத்துக்கு மச்சினன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்ப, கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்த அய்யனார் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். எதற்கு என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டான். வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்தக் கொல்லைக்கு அடியில் எங்கோ வெடிக்காத ஒரு வெடி கிடந்தது. அது ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு, இரண்டாயிரத்து ஏழாம் வருடம், ஒரு எண்ணெய்க் கம்பெனியின் சர்வே பார்ட்டி இந்தப் பக்கம் முகாம் போட்டிருந்தது. பூமிக்கு அடியில் எண்ணெயோ வாயுவோ இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மூங்கிலில் முக்காலி கட்டி, குழாயை நாலு பேர் பிடித்துச் சுற்றிச் சுற்றி இறக்கி, நாற்பது மீட்டருக்கு ஒன்றாக அறுபது அடி ஆழத்துக்குக் குழி போடுவார்கள். அடியில் வெடிமருந்தை வைத்து, அதிலிருந்து இரண்டு ஒயரை மட்டும் மேலே விட்டுவிட்டு, குழியைச் சேற்றால் மூடிவிடுவார்கள். பிறகு ஒருநாள் வரிசையாக வெடிப்பார்கள். நிலத்துக்கு விக்கல் வந்ததுபோல ஒருதரம் தூக்கிப் போடும். அந்த அதிர்வைத் தூரத்தில் நிற்கிற வண்டியில் இருக்கும் கருவி எழுதிக்கொள்ளும். உள்ளூர் ஆட்களைத் தினக்கூலிக்கு எடுத்தார்கள். அய்யனார் பிளஸ் டூ பாஸ், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும் என்பதால் அவனுக்குக் குழாய் தூக்குகிற வேலை கிடைக்கவில்லை, நோட்டு எழுதுகிற வேலை கிடைத்தது. குழி எண், ஆழம், மருந்தின் எடை, வெடித்த நேரம், கடைசியில் 'ஓகே'. சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு மூன்று மாதம் ராஜா மாதிரி திரிந்தான்.

வெடித்த குழியின் ஒயரை யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். மஞ்சளும் சிவப்புமாக, வழவழவென்று, கூடை பின்னுவதற்கென்றே செய்தது போல இருக்கும். ஊர்ப் பெண்கள் அதற்கு அடித்துக்கொண்டார்கள். தம்பி உள்ளே இருந்ததால் கொளஞ்சியம்மாளுக்குத்தான் முதல் உரிமை. வெடி வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று ஊரே சம்மதக் கையெழுத்துப் போடத் தயங்கிக்கொண்டிருந்தபோது, வைத்திலிங்கம் முதல் ஆளாகப் போட்டார். "எங்க மாப்ள உள்ள இருக்கான். தப்பு தண்டா நடக்க வுட்ருவானா?" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னார். அது அய்யனாரின் காதுபடத்தான் சொன்னார்.

மார்ச் முப்பத்தொன்று. கம்பெனிக்கு வருடம் முடிகிற நாள். இத்தனை கிலோமீட்டர் சர்வே முடித்தாயிற்று என்று டெல்லிக்கு அறிக்கை போக வேண்டும். மாமாவின் கொல்லையில் முந்நூற்றுப் பதினேழாவது குழியைக் கோட்டிலிருந்து விலக்கிப் போட்டிருந்தார்கள். கவட்டையாகப் பிரிந்த ஒரு முந்திரி மரம் நடுவில் நின்றதால் அதன் வேரை ஒட்டித் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. வெடிப்பவன் ஆரோக்கியராஜ், கடலூர் முதுநகர்க்காரன். பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். மண் அப்படியே கிடந்தது. வெடிக்காத குழியிலிருந்து அறுபது காலடி தள்ளி உட்கார வேண்டும், அரை மணி நேரம் கிட்டே போகக் கூடாது, பிறகு சிவப்புக் கொடி நட்டு, நோட்டில் எழுதி, மறுநாள் பக்கத்தில் வேறொரு குழி போட்டு இரண்டையும் சேர்த்து வெடிக்க வேண்டும். இதுதான் விதி. இருவரும் அறுபது எட்டு எண்ணிக்கொண்டே நடந்து போய்ப் பனையடி நிழலில் உட்கார்ந்தார்கள். அறுபதாவது எட்டுக்குப் பனை சரியாக இருந்ததில் ஆரோக்கியராஜுக்கு ஒரே சிரிப்பு. ஒயர்லெஸ்ஸில் ஆபீசர் கத்திக்கொண்டிருந்தார். இன்னும் பதினாலு குழி இருந்தது. ஆறு மணிக்குள் முடித்தால்தான் இந்த வருடக் கணக்கில் சேரும்.

"ஓகேன்னு எழுதுடா. நாளைக்கு வந்து நாமளே பாத்துக்கலாம்," என்றான் ஆரோக்கியராஜ்.

அய்யனார் எழுதினான். முத்து முத்தான கையெழுத்தில் எழுதினான். ஒயர் நீட்டிக்கொண்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், கையால் மண்ணைத் தோண்டி, முழ ஆழத்தில் அதை வெட்டி, முனையை உள்ளே திணித்து மூடினான். வெட்டிய ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் முகாம் அரியலூர்ப் பக்கம் கிளம்பிவிட்டது. நாளை என்று சொன்ன நாள் வரவே இல்லை. அக்காள் அந்த வாரம் ஒரு கூடை பின்னிக்கொண்டிருந்தாள். உடம்பு சிவப்பில் முடிந்துவிட்டது, பிடிக்குத்தான் ஒயர் போதவில்லை. அய்யனார் பையிலிருந்த மஞ்சள் ஒயரை எடுத்துக் கொடுத்தான்.

முதல் வருடம் தூக்கம் சரியாக வரவில்லை. பிறகு மனசு தன் வழக்கப்படி ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. முந்திரிக் கொல்லையை யார் ஆழத் தோண்டப் போகிறார்கள்? முந்திரிக்கு யாராவது போர் போடுவார்களா? இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் அந்த எண்ணெய்க் கம்பெனியின் கணக்கு பற்றிச் செய்தி வரும்போது சிப்காட் வாசலில் இருக்கும் காவல் அறையில் உட்கார்ந்து பேப்பரை ஒன்றுக்கு இரண்டு முறை படிப்பான். இந்த ஆண்டு இத்தனை கிலோமீட்டர் ஆய்வு, இத்தனை கிணறுகள், கடந்த ஆண்டைவிட இவ்வளவு கூடுதல். நாடு முன்னேறிய அந்தக் கிலோமீட்டர்களில் நாற்பது மீட்டர் பொய் என்று அவனுக்குத் தெரியும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வருகிற லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளப் போவான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவன் பனையடியில் நின்று ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டான். ஆரோக்கியராஜ் இப்போது அசாமில் வேறொரு சர்வே பார்ட்டியில் இருந்தான். முதலில் குசலம் விசாரித்தான். விஷயம் தெரிந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அஞ்சு வருஷம் தண்ணியில ஊறி மருந்து சேறாப் போயிருக்கும்டா. பயப்படாத."

"கேப்பு?"

மருந்தைக் கிளப்பிவிடுகிற விரல் நீளக் குழலுக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர்.

"கேப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. அது சாவாது. தொளைக்கிற பிட்டு நேரா அதும்மேல போயி உக்காந்தா…" என்று நிறுத்தினான். "உக்காராதுடா. அவ்ளோ பெரிய கொல்லையில அங்கதானா போயி உக்காரும்?"

"மாமாகிட்ட சொல்லிடட்டா?"

"சொல்லு. நோட்டுல யார் கையெழுத்துன்னு கேப்பாங்க, அதுக்கும் பதில் வெச்சிக்க. வெடிமருந்து கேஸ்டா அது. உன் வேல போவும், என் வேல போவும். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது அய்யனாரு."

அய்யனார் போனைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வேப்பங்குச்சியைப் பார்த்தான். கவட்டை மரம் எங்கே இருந்தது? மூன்று மாதம் நோட்டோடு சுற்றித் திரிந்த கொல்லை, கண்ணை மூடிக்கொண்டு நடந்திருப்பான். இப்போது திறந்த கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குச்சி நின்ற இடம்தான் என்று ஒருதரம் தோன்றியது. இல்லை, அதற்கும் மேற்கே என்று இன்னொருதரம் தோன்றியது. ஆனாலும் அந்தக் குச்சியின் மேல் அவனுக்கு ஒரு பயம் விழுந்துவிட்டது. அங்கே மட்டும் வேண்டாம், வேறு எங்கே போட்டாலும் சரி என்று இருந்தது. உண்மையைச் சொல்லத் தெம்பில்லாதவனுக்குப் பொய் மட்டும் எங்கிருந்தோ தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

சாயங்காலம் மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாமா, தண்ணிக்கு ஈசானிய மூலதான சொல்லுவாங்க? வடகிழக்குல போட்டா என்னா? எங்க கம்பெனியில ஒரு வாஸ்து ஆளு வந்தாரு. தெக்கால பூமியத் தொளச்சா வூட்ல பொண்ணுக்கு ஆவாதுன்னாரு."

பவானி அவர்களுக்கு ஒரே பெண். அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரை இழுத்ததற்கு அய்யனாருக்கு அந்தக் கணமே வெட்கமாக இருந்தது. வைத்திலிங்கம் மோவாயைச் சொறிந்தார். புயலுக்கு முன்னால் இருந்த வைத்திலிங்கமாக இருந்தால் வாஸ்துவையும் வாஸ்துக்காரனையும் சேர்த்துக் கிண்டல் பண்ணியிருப்பார். அறுபத்தெட்டு மரத்தை ஒரே நாளில் பறிகொடுத்தவருக்கு எதைக் கேட்டாலும் திக்கென்றுதான் இருந்தது.

"ராஜாமணி கோச்சிக்குவாரே."

"நான் சமாதானம் சொல்றேன் மாமா."

"நீ நாலு எழுத்து படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்தவர், அப்போதே போய் வடகிழக்கு மூலையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு அய்யனார் மூன்று தோசை சாப்பிட்டான். அக்காள் நாலாவதை வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு லாரிகள். ஒன்றில் குழாய்களும் வடக்கத்திப் பையன்கள் நாலு பேரும், இன்னொன்றில் கம்ப்ரெசரும் துளைக்கிற இயந்திரமும் இருந்தன. வண்டியோடு வந்த திருச்செங்கோட்டுக்காரர் சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்து, மண்ணை எடுத்துக் கசக்கி, "வெறும் மண்ணுதானுங்க. அறுபது அடிக்கு அரை மணி நேரம்கூட ஆவாதுங்க," என்றார். பவானி முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். மகள் கையால்தான் சூடம் ஏற்ற வேண்டும் என்று வைத்திலிங்கத்துக்கு ஆசை. கொளஞ்சியம்மாள் பூசைச் சாமான் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள்.

அய்யனார் பனையடிக்கு ஒதுங்கினான். இயந்திரத்தின் நெடிய கம்பம் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. மரத்தில் சாய்ந்துகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, தன் முதுகு எதில் சாய்ந்திருக்கிறது என்பது திடீரென்று உறைத்தது. அறுபது எட்டு. அன்றைக்கு ஆரோக்கியராஜ் சிரித்தான். அறுபதாவது எட்டுக்குப் பனை. மரமெல்லாம் போனாலும் பனை இருக்கிறது, பனையிலிருந்து குழிக்கு எத்தனை எட்டு என்பது அவனுக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது. நேற்றே இது தோன்றாமல் போயிற்றே என்று மண்டையில் அடித்துக்கொண்டான். முதலில் தெற்கே, வேப்பங்குச்சியைப் பார்த்து எண்ணிக்கொண்டு நடந்தான். முப்பத்தைந்தாவது எட்டிலேயே குச்சி வந்துவிட்டது. அப்படியானால் அது இல்லை. ராஜாமணி காட்டிய இடத்தில் ஒன்றுமே கிடையாது.

திரும்பிப் பனைக்கு வந்தான். சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தான். நாற்பதில் லாரியைத் தாண்டினான். ஐம்பதில் ஒரு வடக்கத்திப் பையன் குழாயோடு குறுக்கே வர, நின்று, எண்ணிக்கையை விடாமல் உதட்டில் பிடித்துக்கொண்டு, மறுபடி நடந்தான். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபதாவது எட்டுக்குச் செருப்பு முனையில் வெள்ளையாக ஒட்டியது. குனிந்து பார்த்தான். சுண்ணாம்பு.

இந்த இடமாகவும் இருக்கலாம். தெற்கே இன்னும் இருபத்தைந்து எட்டு தள்ளியும் இருக்கலாம், மேற்கேயும் இருக்கலாம். பனையைச் சுற்றி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் இல்லாத இடத்தில் நட்டிருந்த குச்சியை ஒதுக்கிவிட்டு, இருக்கக்கூடிய இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்தது அவன்தான். எழுதிய பொய் ஒன்று, பேசிய பொய் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மாமா நின்று வண்டிக்காரருக்குக் கையைக் காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

கொளஞ்சியம்மாள் வந்துவிட்டாள். கூடையை வட்டத்துக்கு நடுவில் வைத்தாள். உள்ளே தேங்காய், வாழைப்பழம், எலுமிச்சம்பழம், ஒரு சொம்பு தண்ணீர். சிவப்பு உடம்பு வெயிலில் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. பிடி மட்டும் மஞ்சளாக, புதுசு போலவே இருந்தது. பவானி கூடைக்குப் பக்கத்தில் மண்ணிலேயே சூடத்தை வைத்து ஏற்றினாள். எல்லோரும் கும்பிட்டுவிட்டு நாலைந்து எட்டு விலகி நின்றார்கள். கம்ப்ரெசர் உறும ஆரம்பித்தது.

"அக்கா," என்றான் அய்யனார். "அந்தக் கூடைப் பிடி ஒயரு எங்கேர்ந்து வந்துச்சின்னு தெரியுமா?"

"என்னாடா?" அவளுக்குக் காதில் விழவில்லை.

"அந்த ஒயரு… அது வெடிச்ச குழியில எடுத்தது இல்லக்கா."

அவள் காதருகே கையைக் குவித்தாள். அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். ஆரோக்கியராஜ், மார்ச் முப்பத்தொன்று, நோட்டு, ஓகே என்று முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டே போனான். சத்தத்தில் அவளுக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பி வண்டிக்காரரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். திருச்செங்கோட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று இயந்திரத்தை அணைக்கச் சொன்னார். உறுமல் நின்ற அமைதியில் அய்யனார் கத்திக்கொண்டிருந்தது மட்டும் தனியாகக் கேட்டது.

"வெடிக்கலன்னு சொல்றேன்! ஒரு குழி வெடிக்கவே இல்ல! மருந்து உள்ளயே கெடக்குது!"

வைத்திலிங்கம் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மனுஷர் அப்போதும் அவன் ஏதோ வழி சொல்வான் என்றுதான் பார்த்தார்.

"செரி, வுடு. நடந்தது நடந்துபோச்சி," என்றார் கடைசியில். "எங்க இருக்குது? எடத்தக் காட்டு மாப்ள. அத வுட்டுட்டு வேற எடத்துல போட்டுக்கலாம்."

"தெரியல மாமா."

"என்னாடா தெரியல?"

"பனையிலேர்ந்து அறுவது எட்டு. எந்தப் பக்கம்னு தெரியல. மரந்தான அடையாளம். மரம் போயிடுச்சே."

திருச்செங்கோட்டுக்காரர் லாரிப் படியில் ஏறி நின்றுகொண்டார். வடக்கத்திப் பையன்களுக்குப் பாஷை புரியாவிட்டாலும் அது புரிந்தது. நாலு பேரும் குழாய்களின் மேல் தாவி ஏறினார்கள். டிரைவர் சாவியில் கை வைத்தார். பிறகு, இத்தனை டன் எடையைப் பின்னால் நகர்த்துவதா, நகர்த்தாமல் இருப்பதா என்று தெரியாமல் கையை எடுத்துவிட்டார். ஐந்து வருடம் விறகு பொறுக்கிய நிலம், கொட்டை பொறுக்கிய நிலம், ஆடு மேய்த்த நிலம். ஒரு பேச்சில் அதில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. அறுபது அடி ஆழத்தில் கிடப்பது நடக்கிற காலுக்கு வெடிக்காது என்று அய்யனாருக்குத் தெரியும். அதைச் சொல்லவும் வாயெடுத்தான். இனி இந்தக் கொல்லையைப் பற்றி அவன் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

"பவானி, அசையாத," என்றார் வைத்திலிங்கம்.

அவள் செருப்பைத் தேடி ஒரு எட்டு எடுத்திருந்தாள். தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொளஞ்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்தது. தீ ஒருபக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து கூடையின் அடியைத் தொட்டது. ஒயர் இளகிக் கருகும் நாற்றம் எழுந்தது. நாலே எட்டுதான். போய் எடுக்க ஒருவரும் நகரவில்லை. மஞ்சள் பிடி மெதுவாக வளைந்து மண்ணைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.